நாராவுக்கு அரை நாள் போதுமா, ஒரு இரவு தங்கலாமா?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரத்தில் ஜப்பான் போகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பையன், கூட என் அம்மா. தங்குவது கியோட்டோவில். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய திட்டத்தில் நாராவுக்கு ஒரு பிற்பகல்தான் இருக்கிறது: மான் பூங்கா, பெரிய புத்தர், திரும்பி வருவது. அம்மா கோயில், சிலை என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். அதனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அவருக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார், படி ஏறுவது சிரமம். நாங்கள் சுத்த சைவம், மீனும் கிடையாது. இந்த நிலையில் அங்கே ஒரு இரவு தங்கினால் பலன் இருக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுருக்குப்பை:

அரை நாள் தாராளம். கியோட்டோவிலிருந்து கிண்டெட்சு சிறப்பு விரைவு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் நாரா. இறங்கினால் மான், கொஞ்சம் நடந்தால் பெரிய புத்தர் இருக்கும் டோடாய்ஜி கோயில். நான்கு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 8ஆம் நூற்றாண்டுத் தலைநகரம் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். டோடாய்ஜியில் இப்போது நிற்கும் மண்டபம் 1709இல் முடிந்தது. புத்தரின் தலை 17ஆம் நூற்றாண்டுடையது. கோஃபுகுஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூடி வைத்திருக்கிறார்கள், அது முடியப் பல வருடம் ஆகும். பழமைதான் வேண்டும் என்றால் ஒரு நாளை ஹிமேஜி கோட்டைக்குக் கொடுங்கள். அது எரியாமல், இடியாமல் 1609இலிருந்து அப்படியே நிற்கிறது.

ஒசாகாவாசி:

நான் பக்கத்து ஊரில் இருப்பவள், அடிக்கடி நாரா போகிறவள். மழைக்குருவி, ஒரு இரவு கண்டிப்பாகத் தங்குங்கள்.

பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை டோடாய்ஜி வாசல் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. உங்கள் ஏற்பாட்டாளர் உங்களை அனுப்பப் பார்ப்பது சரியாக அந்த நேரத்துக்குத்தான். அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதும், மான்களுக்கு நடுவே பையனைக் கவனிப்பதும் ஒருசேர நடக்காது. அங்கேயே தங்கினால் கதை வேறு. புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30க்கே திறக்கிறது, நவம்பரிலிருந்து மார்ச் வரை 8 மணிக்கு. கியோட்டோவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் கூட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு. பூங்காவில் பனி இறங்கியிருக்கும், மான்கள் அப்போதுதான் மேயத் தொடங்கியிருக்கும்.

மாலைக்கு நிகட்சுடோ. புத்தர் மண்டபத்துக்குக் கிழக்கே, சரிவின்மேல் மரத் தாழ்வாரத்தோடு நிற்கும் மண்டபம். அதற்கு டிக்கெட் கிடையாது, பூட்டும் நேரமும் கிடையாது, இரவிலும் போகலாம். தாழ்வாரம் மேற்கு பார்த்தது. அக்டோபர் கடைசியில் ஐந்து மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும், நாலரைக்கு அங்கே இருங்கள். புத்தர் மண்டபத்தின் கூரை கீழே தெரியும், அதற்கு அப்பால் ஊர், அதற்கு அப்பால் இகோமா மலை. படிகள் இருக்கின்றன, ஆனால் அவசரமில்லாமல் நின்று நின்று ஏறலாம். பக்கத்திலேயே ஓய்வு மண்டபம் ஒன்று உண்டு, அங்கே தேநீர் இலவசம், நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை கசுகா ஆலயம். 768இல் நிறுவியது என்பது ஆலய வரலாறு. வழி நெடுகக் கல்விளக்குகள், உள்ளே கூரை ஓரங்களில் வெண்கலத் தொங்குவிளக்குகள், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய மூவாயிரம். எல்லாவற்றையும் ஏற்றுவது பிப்ரவரியில் செட்சுபுன் பண்டிகை அன்றும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் மட்டும். அந்த நாள் கிடைக்காதவர்களுக்காக உள்ளே ஒரு கூடத்தை இருட்டாக்கி, தொங்குவிளக்குகளை எப்போதும் எரியவிட்டிருக்கிறார்கள். உள் பிராகாரத்துக்குக் கட்டணம் உண்டு, கொடுத்துவிட்டுப் போங்கள். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் கசுகா மலைக் காட்டில் 841இலிருந்து மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. ஊருக்கு இவ்வளவு அருகில் அப்படி ஒரு காடு.

ரயில் நிலையம் இரண்டு இருக்கின்றன. ஜேஆர் நாராவைவிட கிண்டெட்சு நாராதான் பூங்காவுக்குப் பக்கம். அம்மாவுக்காக அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்நிழல்:

சுருக்குப்பை சொன்ன தேதிகள் எல்லாம் சரி. ஆனால் அந்தத் தேதிகளால்தான் நாராவை நின்று பார்க்க வேண்டும் என்பேன். கட்டடப் பாதுகாப்பு நான் படித்த துறை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய புத்தருக்குக் கண் திறந்தது 752இல். 855இல் நிலநடுக்கம், தலை விழுந்தது. ஒட்டவைத்தார்கள். 1180இல் தாய்ரா குலத்தின் படை ஊரைக் கொளுத்தியபோது மண்டபம் எரிந்தது. அதைத் திரும்பக் கட்டும் பொறுப்பு சோகென் என்ற துறவியிடம் வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பெருமரம் பக்கத்தில் எங்கும் இல்லை. இன்றைய யாமகுச்சிப் பகுதிக் காடுகளில் போய் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, கடல் வழியாகக் கொண்டுவந்தார். அவர் கட்டியவற்றில் தெற்குப் பெருவாசல் இன்றும் நிற்கிறது, உத்தரம் ஏறியது 1199இல். நீங்கள் டோடாய்ஜிக்குப் போகும்போது முதலில் நுழைவது அதற்குள்தான். பெரும்பாலானவர்கள் மானைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். நடுவில் நின்று தலையை உயர்த்திப் பாருங்கள். உட்கூரை கிடையாது. பதினெட்டுத் தூண்கள் கூரையை நோக்கி நேராக ஏறுகின்றன. தூணைத் துளைத்துக்கொண்டு குறுக்குச் சட்டங்கள் அடுக்கடுக்காகப் போகின்றன. எது எதைத் தாங்குகிறது என்பது முழுக்க வெளியே தெரியும். மறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் நிற்கும் காவலர் சிலைகள் ஒவ்வொன்றும் 8.4 மீட்டர் உயரம். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்கள் பட்டறையும் 1203இல் 69 நாட்களில் முடித்தார்கள். ஒவ்வொரு சிலையும் ஏறக்குறைய மூவாயிரம் மரத் துண்டுகளை இணைத்துச் செய்தது. 1988இலிருந்து ஐந்து ஆண்டுகள் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு முகம் சரியாகத் தெரிய வேண்டும் என்று வேலை நடக்கும்போதே சில இடங்களில் கோணத்தை மாற்றியிருந்தார்கள் என்பது அப்போது தெரியவந்தது.

பிறகு 1567. டோடாய்ஜி வளாகத்திலேயே சண்டை, மறுபடி தீ. புத்தரின் தலை உருகி விழுந்தது. நூறு ஆண்டுக்கும் மேலாக ஒழுங்கான கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார். கோகெய் என்ற துறவி ஊர் ஊராகப் போய்க் காசு திரட்டினார். 1692இல் மறுபடி கண் திறப்பு. மண்டபம் முடிவதைப் பார்க்காமலே 1705இல் அவர் இறந்துபோனார்.

இந்த மூன்றாவது மண்டபத்துக்குப் பணமும் போதவில்லை, மரமும் போதவில்லை. பழைய மண்டபம் முகப்பில் 86 மீட்டர். அதை 57 மீட்டராகக் குறைத்தார்கள், உயரத்தை மட்டும் குறைக்கவில்லை. அவ்வளவு பருமனில் மரமே கிடைக்காததால், நடுக்கட்டையைச் சுற்றிச் சிறு கட்டைகளை அடுக்கி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கித் தூண் ஆக்கினார்கள். உள்ளே போனதும் அம்மாவிடம் அந்தப் பட்டைகளைக் காட்டுங்கள். கூரையைத் தாங்கும் இரண்டு பெரிய உத்தரங்களுக்கான சிவப்புப் பைன் மரம் தெற்கே கியூஷூவின் கிரிஷிமா மலைப் பக்கத்திலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரை தொய்ந்தபோது உள்ளே எஃகுச் சட்டகம் ஏற்றினார்கள்.

ஆக அந்த ஒரே கட்டடத்தில் எல்லா நூற்றாண்டும் இருக்கிறது. புத்தர் அமர்ந்திருக்கும் தாமரை இதழ்களில் 8ஆம் நூற்றாண்டுக் கோட்டோவியங்கள் அப்படியே பிழைத்திருக்கின்றன, மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கும் அந்தக் காலத்ததுதான். அதன் பலகங்களில் வாத்தியம் வாசிக்கும் போதிசத்துவர்களைப் பார்க்காமல் உள்ளே ஓடாதீர்கள்.

நம் ஊரில் கும்பாபிஷேகம் செய்து கோயிலைப் புதுப்பிக்கும்போது அது புதுக் கோயில் என்று யாரும் சொல்வதில்லை. கசுகா ஆலயத்திலும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை அப்படிப் புதுப்பிப்பு நடக்கிறது, அறுபதாவது முறை 2015-16இல் முடிந்தது. ஒரு கட்டடத்தின் வயதை அதன் கடைசி ஆணியை வைத்து அளந்தால் நாராவில் நடந்தது எதுவும் கண்ணில் படாது.

சுருக்குப்பை:

தூண்நிழல், இரும்புப் பட்டை விவரம் அருமை. உங்கள் வாதம் புரிகிறது. ஆனாலும் என் கருத்து ஒன்று நிற்கிறது. முதல் தடவை ஜப்பான் போகிறவர், சின்னப் பையனும் வயதானவரும் கூட, ஒவ்வொரு முறை ஓட்டல் மாற்றுவதும் ஒரு பாரம். பெட்டி கட்டி, பிரித்து, மறுபடி கட்டி. கியோட்டோவில் ஒரே அறை, விடிகாலை ரயில், மதியம் திரும்பி ஓய்வு என்பதையும் யோசியுங்கள். 7.30 மண்டபம் அப்படியும் கிடைக்கும்.

கடல்வழி:

நடுவில் ஒரு கேள்வி. அந்தப் புத்தருக்கு முதன்முதலில் கண் திறந்தவர் இந்தியர், அதுவும் மதுரைக்காரர் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அது உண்மையா?

தூண்நிழல்:

கடல்வழி, இந்தியர் என்பது உண்மை. பெயர் போதிசேனர். 736இல் சீனா வழியாக ஜப்பான் வந்தார். கூடவே சம்பா நாட்டுத் (இன்றைய வியட்நாம் பக்கம்) துறவி ஒருவரும் சீனத் துறவி ஒருவரும் வந்தார்கள். நாராவில் தாய்யான்ஜி மடத்தில் தங்கினார். 752இல் கண் திறப்பை நடத்தி வைத்தவர் அவர்தான். 760இல் அங்கேயே மறைந்தார். அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து அவருடைய சீடர் எழுதிய நினைவுரை அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்கிறது. மதுரை என்பது பிற்காலத்தவர் சேர்த்துச் சொல்வது. தென்னாடு என்ற அளவில் நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. கண் எழுதிய தூரிகை இன்னும் இருக்கிறது. அதில் நீண்ட நீலக் கயிற்றைக் கட்டி, விழாவுக்கு வந்திருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோர் கையும் சேர்ந்து கண் திறந்ததாக ஆகட்டும் என்று. தூரிகை, கயிறு இரண்டும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. 1180 தீக்குப் பிறகு 1185இல் மறுபடி கண் திறந்தபோது, துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிரகாவா அதே தூரிகையை எடுத்துவரச் செய்து, தானே சாரத்தில் ஏறிக் கண் எழுதினார். நானூறு ஆண்டு இடைவெளியில் ஒரே தூரிகை. சுருக்குப்பைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான்.

ஒசாகாவாசி:

போதிசேனர் பேச்சு வந்துவிட்டதால் நிகட்சுடோவின் ஓமிசுடோரி சடங்கு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழைக்குருவிக்கு இந்தப் பயணத்தில் கிடைக்காது, மார்ச்சில் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நிகட்சுடோவில் மார்ச் 1 முதல் 14 வரை பதினொரு துறவிகள் இரவும் பகலும் வழிபாடு செய்கிறார்கள். உலகம் செய்த பிழைகளுக்காகக் கண்ணனிடம்... இல்லை, கன்னோன் போதிசத்துவரிடம் அவர்கள் மன்னிப்புக் கேட்கும் சடங்கு. 752இல் தொடங்கியது, ஒரு வருடம்கூட நின்றதில்லை. 1180 தீக்கு அடுத்த ஆண்டும் நடந்தது, 1567க்குப் பிறகும் நடந்தது. 1667இல் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிகட்சுடோ எரிந்துபோனது, அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஒவ்வொரு மாலையும் தாழ்வாரத்தில் பெரிய தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், கீழே நிற்கிறவர்கள் மேல் பொறி சிதறும். 12ஆம் தேதி பந்தங்கள் மிகப் பெரியவை, கூட்டமும் அன்றைக்குத்தான் அதிகம். வேறு நாளில் போங்கள், நெருங்கி நிற்கலாம். 12ஆம் தேதி நள்ளிரவு தாண்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறார்கள்.

அந்தச் சடங்கில் இரண்டு இரவுகள், 5ஆம் தேதியும் 12ஆம் தேதியும், கோயிலோடு தொடர்புள்ள முன்னோர் பெயர்களை ராகமாக வாசிப்பார்கள். பெரிய புத்தரைச் செய்வித்த ஷோமு பேரரசரில் தொடங்கும் அந்த வரிசையில் 'பெரிய புத்தரின் கண் திறந்த தலைவர், இந்தியாவின் போதி' என்று நம் ஆளின் பெயரும் வருகிறது. கடல் கடந்து வந்து, திரும்பாமல் இறந்த ஒருவரின் பெயரை ஆண்டுதோறும் சத்தமாகச் சொல்கிறார்கள். முதல் முறை இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதே வரிசையில் 'நீல உடைப் பெண்' என்று ஒருவரும் வருவார். 13ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி வாசித்துக்கொண்டிருந்தபோது நீல உடையில் ஒரு பெண் தோன்றி, 'என் பெயரை ஏன் விட்டீர்' என்று கேட்டாளாம். அவருக்குப் பெயர் தெரியவில்லை, உடையின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டார், மறைந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்தி வாசிக்கிறார்கள்.

மழைக்குருவி:

அம்மாவிடம் போதிசேனர் கதையை வாசித்துக் காட்டினேன். ஒரு இரவு தங்குவது உறுதியாகிவிட்டது. சுருக்குப்பை அண்ணா சொன்ன பெட்டிப் பிரச்சினையை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது மூன்று கேள்விகள். ஷோசோயினை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? பையனுக்கு மான்களால் ஆபத்து உண்டா? சாப்பாடு?

தூண்நிழல்:

ஷோசோயின் கட்டடத்தின் உள்ளே யாரும் போக முடியாது. வெளித்தோற்றத்தை வார நாட்களில் பார்க்கலாம். தரையிலிருந்து உயரத் தூக்கி, முக்கோண வெட்டுக் கட்டைகளை அடுக்கிக் கட்டிய 8ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம். 756இல் பேரரசர் ஷோமு இறந்ததும் அவர் மனைவி கோம்யோ அவருடைய உடைமைகளைப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார், அதில் தொடங்கிய சேகரம்.

ஆனால் நீங்கள் போகும் நேரம் அதிர்ஷ்டமானது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பொருள்களில் ஒரு சிறு பகுதியை ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் கடைசியில் தொடங்கி இரண்டு வாரம்போல, நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். 1946இலிருந்து நடக்கும் கண்காட்சி. இந்த ஆண்டுத் தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாள், நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும், வார இறுதி சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த இரண்டு வாரமும் நாராவில் அறை கிடைப்பதும் கடினம், அதனால் இன்றே தேடத் தொடங்குங்கள்.

எந்த ஆண்டு எதை வைப்பார்கள் என்பது மாறும். ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து வாசிப்பவனைச் சிப்பியால் இழைத்த ஐந்து தந்தி பிவா வாத்தியம் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்து ஐந்து தந்தி பிவாவில் உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். கோம்யோ கொடுத்த அறுபது மருந்துகளின் பட்டியலில் மிளகும் இருக்கிறது. மிளகு விளையும் நாட்டிலிருந்து வருகிற நமக்கு அந்த வரி கொஞ்சம் கூடுதலாகவே பேசும்.

கீரைமசியல்:

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். வீட்டில் எல்லோரும் சைவம், இதில் பட்ட அனுபவம் நிறைய.

ஜப்பானில் சிக்கல் மீன் துண்டு இல்லை, சாறு. சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி, எல்லாவற்றிலும் தாஷி இருக்கும், அது பெரும்பாலும் காட்சுவோ மீன் சீவலில் எடுத்தது. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் சாறோடு கொண்டுவந்து வைப்பார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறிச் சாப்பாடு. இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

நாராவுக்கே உரியவற்றில் காக்கி இலையில் மடித்த சுஷி வேண்டாம், உள்ளே கானாங்கெளுத்தி அல்லது சால்மன். மிவா சோமென் என்ற மெல்லிய கோதுமைச் சேமியா நல்லது, ஆனால் தொட்டுக்கொள்ளும் சாறு மீன் சாறு. சாகாயு என்று தேநீரில் வேகவைத்த கஞ்சி உண்டு, அம்மாவுக்குப் பிடிக்கும், உடன் வரும் பக்கவாட்டுப் பொருள்களை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாராசுகே ஊறுகாயில் மீன் கிடையாது, ஆனால் சாக்கே மண்டியில் ஊறவைத்தது, மதுவாடை அடிக்கும். பயமில்லாமல் சாப்பிடக்கூடியது இனிப்பு: யோமோகி இலை சேர்த்து இடித்த மோச்சி, உள்ளே பயறு இனிப்பு, மேலே வறுத்த சோயாமாவு. சான்ஜோ தெரு முனையில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போட்டு மின்னல் வேகத்தில் இடிப்பார்கள், பையன் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். யோஷினோ குசு மாவில் செய்த இனிப்பும் நன்றாக இருக்கும்.

வயிறார ஒரு வேளை வேண்டும் என்றால் ஷோஜின் ரியோரி எனப்படும் மடத்துச் சாப்பாட்டை முன்பதிவு செய்யுங்கள். அங்கேயும் சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுத்ததுதானா என்று கேட்டுவிடுங்கள்.

ஒசாகாவாசி:

மான். ஆயிரத்துக்கும் மேலே இருக்கின்றன, வேலி கிடையாது, யாருக்கும் சொந்தமில்லாத காட்டு விலங்குகள். கசுகா தெய்வம் வெள்ளை மான்மேல் ஏறி வந்ததாக நம்பிக்கை, அதனால் ஆயிரம் ஆண்டாக யாரும் தொடுவதில்லை. 1957இலிருந்து இயற்கை நினைவுச் சின்னம் என்ற சட்டப் பாதுகாப்பும் உண்டு.

நீங்கள் போவது இலையுதிர் காலம், கிடாக்களுக்கு இணை தேடும் பருவம். கொம்பை அறுத்துவிட்டிருந்தாலும் கிடாவின் கிட்டே பையனை விடாதீர்கள். பூங்காவில் விற்கும் மான் பிஸ்கட்டை மட்டும் கொடுங்கள். அரிசித் தவிட்டில் செய்தது, சர்க்கரை இல்லை. விற்ற பணத்தில் ஒரு பங்கு மான் பாதுகாப்புக்குப் போகிறது. வாங்கியதும் உடனே கொடுத்துவிட வேண்டும். காட்டிக் காட்டி ஏமாற்றினால் கடிக்கும், முட்டும். தலை குனிந்து வணங்குவது போல் செய்வது பார்க்க அழகுதான், ஆனால் பொறுமை போகிறது என்பதற்கும் அதே அடையாளம். தீர்ந்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள், போய்விடும்.

பிளாஸ்டிக் பை எதையும் தரையில் விடாதீர்கள். 2019இல் இறந்த மான்களின் வயிற்றிலிருந்து கிலோ கணக்கில் பிளாஸ்டிக் எடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

பையனுக்கு இன்னொரு யோசனை: மை. ஜப்பானில் திட மை பெரும்பாலும் நாராவில்தான் செய்கிறார்கள். எண்ணெய் விளக்கின் கரியைத் தோல் பசையில் பிசைந்து, அச்சில் அழுத்தி, சாம்பலில் புதைத்து மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். பசை கெட்டுப்போகும் என்பதால் குளிர் மாதங்களில்தான் உற்பத்தி. சூடான மைக் களியைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லும் பட்டறை நாராமாச்சிப் பக்கம் உண்டு, விரல் ரேகையோடு அந்த மைக்கட்டி நமக்கே. முன்பதிவு தேவை. விலங்குப் பசை என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடல்வழி:

இரண்டாம் நாள் பிற்பகலுக்கு ஹோர்யூஜியா, இல்லை வேறா? இரண்டும் முடியாதுதானே?

தூண்நிழல்:

ஹோர்யூஜி. உலகத்தில் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள். ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் 594இல் வெட்டிய மரம் என்று ஆண்டு வளையங்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். கோயிலோ 670இல் எரிந்ததாகப் பழைய வரலாற்றில் இருக்கிறது. அப்படியானால் அந்த மரம் அதுவரை எங்கே இருந்தது என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கோபுரத்தின் அடித்தளத்தில் வடக்குப் பக்கம் எட்டிப் பாருங்கள்: 711இல் களிமண்ணில் செய்த புத்தரின் கடைசி நாள், வாய்விட்டு அழும் சீடர்கள். அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட சுவரோவியங்கள் அங்கே 1949 ஜனவரியில் தீயில் கருகின. அந்த அதிர்ச்சியில்தான் 1950இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஒசாகாவாசி:

தூண்நிழல் சொல்வதில் குறையே இல்லை, ஆனால் அம்மாவின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். ஹோர்யூஜி நிலையத்திலிருந்து நடந்தால் இருபது நிமிடம், இல்லையென்றால் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். வளாகமும் பெரியது, சரளைக்கல் தரை. நான் நாராவின் மேற்கே உள்ள நிஷினோக்யோ பகுதிக்குத்தான் அனுப்புவேன். ரயிலை விட்டு இறங்கினால் யாகுஷிஜி கோயில் பக்கத்திலேயே. அதன் கிழக்குக் கோபுரம் 730இல் கட்டியது. மூன்று அடுக்குதான், இடைக் கூரைகளால் ஆறு போல் தெரியும். முழுக்கப் பிரித்துப் பழுதுபார்த்து இப்போது திறந்துவிட்டார்கள். மூலவர் மருத்துவப் புத்தர், வெண்கலம், கன்னங்கரேலென்று மின்னுவார். அவர் பீடத்தைச் சுற்றி நடக்க வழி இருக்கிறது: திராட்சைக் கொடி, சீனத்துத் திசைத் தெய்வங்கள், சுருட்டை முடியோடு குந்தியிருக்கும் குள்ள உருவங்கள். 753இல் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் அங்கே உண்டு.

அங்கிருந்து பத்து நிமிடம் சமதளத்தில் நடந்தால் டோஷோதாய்ஜி. ஐந்து முறை கடல் கடக்க முயன்று தோற்று, பார்வையையும் இழந்து, ஆறாவது முயற்சியில் ஜப்பான் வந்து சேர்ந்த சீனத் துறவி கஞ்சின் 759இல் நிறுவியது. பொன் மண்டபம் 8ஆம் நூற்றாண்டுக் கட்டடம்தான், சுருக்குப்பையும் ஒத்துக்கொள்வார். உள்ளே ஆயிரம் கைக் கன்னோனுக்கு இப்போது 953 கைகள் மிஞ்சியிருக்கின்றன. பின்னால் இருக்கும் விரிவுரைக் கூடம் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. 710இலிருந்து தலைநகராக இருந்த ஊரின் அரண்மனையில் நின்றபடி மிஞ்சிய ஒரே கட்டடம். கூட்டமே இருக்காது. பாசி படர்ந்த மரத்தடிகள், உட்காரவும் இடம்.

சுருக்குப்பை:

டோஷோதாய்ஜிக்கு என் ஓட்டும் உண்டு. வரும் வழியில் கிண்டெட்சு ரயில் பழைய அரண்மனை மைதானத்தின் நடுவாகவே போகும், சன்னல் ஓரம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சுசாகு வாயில், இன்னொரு பக்கம் 2010இல் திரும்பக் கட்டிய அரியணை மண்டபம்.

மழைக்குருவி:

அப்படியானால் முதல் நாள் மதியம் போய் அருங்காட்சியகம், மாலை நிகட்சுடோ. மறுநாள் 7.30க்குப் பெரிய புத்தர், பிறகு கசுகா, பிற்பகல் நிஷினோக்யோ, அங்கிருந்தே கியோட்டோ. பெட்டிகளை என்ன செய்வது? நிஷினோக்யோவுக்கு இழுத்துக்கொண்டு போக முடியாதே.

ஒசாகாவாசி:

பெரிய பெட்டிகளைக் கியோட்டோ ஓட்டலிலேயே விட்டுவிட்டு, ஒரு இரவுக்கான துணியை மட்டும் முதுகுப் பையில் கொண்டுவாருங்கள். திரும்ப வருகிற விருந்தினர் என்றால் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான ஓட்டல்கள் மறுப்பதில்லை, முன்னாலேயே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நிலையத்துப் பெட்டகங்களை நம்ப வேண்டாம், கண்காட்சி நாட்களில் காலையிலேயே நிரம்பிவிடும். நிஷினோக்யோவிலிருந்து கியோட்டோவுக்கு நேரடி வண்டி கிடைக்காவிட்டால் யமாதோ-சைதாய்ஜி நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அங்கே மின்தூக்கி இருக்கிறது, அம்மா படி ஏற வேண்டியதில்லை.